ஒட்டுத்தாடி மந்திரவாதிக்கு அம்மா போட்ட கூச்சல்

சிரிப்புதான் முதலில் வரும், ஆள் பிறகுதான் வருவான். அடித்தொண்டையில் மெல்லத் தொடங்கி, படிப்படியாக ஏறி, கொட்டகையின் தகரக் கூரையில் மோதித் திரும்பி, பெண்கள் பக்கத்துப் பெஞ்சுகளுக்கு அடியில் உருண்டு வந்து என் பாவாடை விளிம்பைப் பிடிக்கும் அந்தச் சிரிப்பு. நான் இரண்டு கால்களையும் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்துக்கொள்வேன். தரையில் கால் இருந்தால் இழுத்துக்கொண்டு போய்விடுவான் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயம் இருந்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் மதுரைக் கொட்டகைகளுக்கு அடிக்கடி வந்துபோன, சல்லிக்காசு செலவில் எடுத்த பேய்ப்படங்களைப் பற்றிச் சொல்கிறேன். எல்லாப் படத்திலும் அதே பங்களா, அதே வௌவால், கண்ணாடியில் கீறி வைத்த அதே மின்னல். வில்லன் என்றால் கறுப்பு அங்கி, ஒற்றைக் கண்ணில் வெள்ளைப் பூ, நடுவில் ஒட்டிய கூட்டுப் புருவம், சிரிக்கிற சிரிப்பில் காதோரம் பிய்ந்து நிற்கும் ஒட்டுத்தாடி. எலும்புக்கூட்டை ஆட்டும் கயிறு முன்பெஞ்சுக்காரர்களுக்குப் பளிச்சென்று தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, பயம் கயிற்றைப் பார்த்தா வருகிறது?

என்னைவிடப் பயந்த பிள்ளை எங்கள் ஊர் கோச்சடையிலேயே கிடையாது. அப்படிப்பட்ட என்னைத்தான் அம்மா பேய்ப்படத்துக்குத் "துணைக்கு" இழுத்துக்கொண்டு போவாள். அப்பாவுக்கு வாழைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சவே பொழுது சரியாக இருக்கும், தனியாகப் போனால் ஊர் பேசும், ஆக நான்தான் துணை. படம் முடியும்வரை பாவாடையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மற்றப் பெண்களெல்லாம் வீறிட்டு அலறுவார்கள், மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபிப்பார்கள். எனக்கோ சத்தம் வராது.

ஒரு வருடம் அம்மா மாசமாக இருந்தாள். அதற்கு முந்தின வருடம் எனக்கொரு தம்பி பிறந்தான். பிறந்தவன் கத்தவே இல்லை. குப்புறப் போட்டுத் தட்டினார்கள், குளிர்ந்த தண்ணீரைத் தெளித்தார்கள், அவன் கத்தாமலே போய்விட்டான். அப்பாவின் அக்கா, எங்களோடு இருந்த பெரியத்தை, அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். "பாக்கியம், கண்ணீர் மட்டும் விட்டுறாத. போனதை நெனச்சு அழுதா அடுத்தது வயித்துல தங்காது." அத்தை கொடுமைக்காரி இல்லை. அவளுக்கும் பயம், அம்புட்டுத்தான். அம்மாவும் அழவில்லை. அடுப்படியில் விறகை ஊதும்போது கண் கலங்கினால்கூட அத்தை எட்டிப் பார்ப்பாள், அம்மா "புகை, மதினி" என்பாள்.

வயிறு தெரியத் தொடங்கியதும் அத்தையின் சட்டதிட்டங்கள் வந்தன. அம்மா படுக்கிற இடத்துக்கு எதிர்ச்சுவரில், சுருட்டை முடியோடு கொழுகொழுவென்று சிரிக்கும் குழந்தைப் படம் போட்ட காலண்டர் தொங்கியது. எழுந்ததும் அதைத்தான் பார்க்க வேண்டும். "மாசமா இருக்கிறவ எந்த மூஞ்சியப் பாக்குறாளோ அந்த மூஞ்சியிலதான் புள்ள பொறக்கும். அந்த எழவெடுத்த பேய்ப்படத்தை மட்டும் ஏறெடுத்துப் பாத்துறாத" என்று அத்தை கையை ஆட்டிச் சொன்னாள். நான் அதை அப்படியே நம்பினேன்.

பரீட்சை லீவில் ஒருநாள் அம்மாவுக்குத் துணையாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "நல்லாருக்கும்மா, பயப்படாத" என்றார். பயப்படாதே என்று கேட்டதும் அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. போன தடவையும் இதையேதான் சொல்லியிருந்தார்களாம். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். எதிர்ச்சுவர் சினிமா போஸ்டரில் கறுப்பு அங்கி மந்திரவாதி மண்டை ஓட்டைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாடி, செத்த நேரம் உக்காந்துட்டுப் போவோம்" என்றாள் அம்மா.

"அம்மா, அத்தை..."

"அத்தை என்ன கூடவா வந்துருக்காக? மேட்னிதான, பொழுதுசாய வீட்டுக்குப் போயிரலாம்."

வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், உள்ளே கும்மிருட்டு. அந்தப் படத்தின் மந்திரவாதிக்குத் தலைச்சன் பிள்ளைதான் வேண்டுமாம், பலி கொடுக்க. நான் தலைச்சன். பெஞ்சின்மேல் கால்களை இன்னும் இறுக்கிக்கொண்டேன். அதைவிடப் பெரிய பயம், அம்மா அவனைக் கண்கொட்டாமல் பார்ப்பது. வெள்ளைக் கண்ணும் கூட்டுப் புருவமும் நேராக வயிற்றுக்குள் இறங்கிக்கொண்டிருப்பதாக நினைத்து, என் பாவாடை நுனியை இழுத்து அம்மாவின் வயிற்றை மூடினேன். அது கைகொள்ளும் வயிறா என்ன? அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. ஆளில்லாத அறையில் தொட்டில் தானாக ஆடுகிறது. இழுக்கும் கயிறு எல்லாருக்கும் தெரிகிறது. சிரிப்பு தொடங்குகிறது. தொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கும் தாய் அலறுகிறாள், உள்ளே குழந்தை இல்லை. கொட்டகையில் இருந்த பெண்களெல்லாம் ஒரே குரலாக வீறிட்டார்கள், அம்மாவும் வீறிட்டாள். மற்றவர்கள் அடங்கிவிட்டார்கள். அம்மா அடங்கவில்லை. படத்தில் வேறு காட்சி வந்து, பாட்டுகூடத் தொடங்கிவிட்டது. அம்மா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே இருந்தாள். மந்திரவாதியை மறந்துவிட்டேன், அம்மாவுக்குத்தான் பயந்தேன்.

பக்கத்தில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய பாய்வீட்டு அம்மாள் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாதவர். அம்மாவின் முதுகில் கையை வைத்து, "கத்தும்மா, நல்லாக் கத்து. இங்கன யாரு ஏன்னு கேக்கப் போறா" என்றார். அம்மா அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்புறம் வந்தது அழுகை. ஒரு வருடத்து அழுகையை அந்தத் தோளிலேயே அழுது தீர்த்தாள். கடைசியில் மந்திரவாதி செத்தான், எழுந்து வந்து மறுபடியும் செத்தான். அதற்குள் அம்மா முகத்தைத் துடைத்து, "நாசமாப் போறவன், சாகுறானா பாரு" என்று எல்லாரோடும் சேர்ந்து திட்டிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "ஏம்மா அப்படிக் கத்துன?"

"வேற எங்கிட்டுப் போயிக் கத்துவேன்?" என்றாள்.

அந்தப் படங்களில் பெண்களுக்கு அப்படி என்ன மோகம் என்று பலபேர் கேலி பேசுவார்கள். வீட்டுப் பயத்துக்கு முகம் கிடையாது, அதைப் பார்த்துத் திட்ட முடியாது. இவனுக்கோ ஒட்டுத்தாடி உண்டு, சிரித்து அறிவித்துவிட்டு வருகிறான், வாயாரத் திட்டலாம், கடைசியில் செத்தும் தொலைகிறான். இது எனக்குப் பிற்பாடு விளங்கியது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பிள்ளை அந்த மூஞ்சியோடு பிறக்கப்போகிறது என்பதுதான். காலையில் அம்மா கண் விழிக்கும் முன்பே எழுந்து, காலண்டரைக் கழற்றி அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பேன். அத்தை என்னைப் பொறுப்பான பிள்ளை என்று மெச்சினாள்.

வலி கண்ட அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தையின் மடியில் முகத்தைப் புதைத்துக் கிடந்தேன். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. கத்தலையே, இதுவும் கத்தலையே என்று அத்தை முணுமுணுக்கத் தொடங்கிய நேரத்தில் எழுந்தது ஒரு கூச்சல். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அத்தை தலையில் கையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள், எங்களுக்கெல்லாம் அழக் கூடாது என்று சட்டம் போட்ட அதே அத்தை.

எங்களை அம்மாவின் கட்டிலருகே கூப்பிட்டு, பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அத்தை வம்படியாகத் திறக்கவைத்தாள். பார்த்தேன், பார்த்ததும் ஒண்ணுக்கே வந்துவிடும் போலிருந்தது. கூட்டுப் புருவம்! "எங்கப்பன் புருவம் அப்படியே இருக்கு பாரு" என்று அத்தை பூரித்தாள். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிள்ளை ஓயாமல் கத்தியது. நர்ஸம்மா அமர்த்தச் சொன்னதற்கு, "கத்தட்டும் சிஸ்டர், நல்லாக் கத்தட்டும்" என்றாள் அம்மா.

அந்தக் கொட்டகை இப்போது ஒரு நகைக்கடையின் வண்டி நிறுத்துமிடம். வாழைத் தோட்டமும் வீடுகளாகிவிட்டது. இப்போதைய குளுகுளு தியேட்டர்களில் யாரும் அலறுவதில்லை, அலறினால் திரும்பி முறைக்கிறார்கள். போன பொங்கலுக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே அத்தை இப்போது நான்தான். தம்பி பிள்ளைகள் அந்தப் பழைய படத்தைக் கைப்பேசியில் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, "கயிறு தெரியுது அத்தை!" என்று விழுந்து விழுந்து சிரித்தன. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

தொட்டில் ஆடத் தொடங்கியது. அம்மாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. வாய் திறந்தது. மருமகள் இருக்கும் அடுப்படிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, மறுபடியும் மூடிக்கொண்டாள்.

எனக்கு என்ன வந்ததோ, வீடே அதிர வீறிட்டுக் கத்தினேன். சின்னவன் கைப்பேசியைக் கீழே போட்டான். தம்பி பெண்டாட்டி கரண்டியோடு ஓடிவந்தாள். கவிழ்ந்து கிடந்த கைப்பேசிக்குள் மந்திரவாதி தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"அன்னைக்கெல்லாம் பாவாடைய வாயில வச்சு அடச்சிக்கிட்டே உக்காந்திருந்தியேடி. இம்புட்டையும் எங்கிட்டு வச்சிருந்த?"