நான் போடாத ஜாமீன் கையெழுத்து

எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் வட்டிக் கணக்கு வரும்போது பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கடன் வாங்குவது எப்படி என்று சொல்லித்தருவேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. கடன் கொடுக்கிறவரிடம் முதலில் வட்டி எவ்வளவு என்று கேள். கடையைவிட பேங்க் மேல். யாருக்கும் ஜாமீன் போடாதே. பிள்ளைகள் இவற்றைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்பேன்.

மலைக்கிராமங்களில் ஆடி மழையில் யார் கையிலும் காசு இருக்காது. பஜார் கடைக்காரர் அரிசியும் மண்ணெண்ணெயும் கடனாகக் கொடுப்பார். மார்கழியில் காப்பிப் பழம் பறித்ததும் சந்தை விலைக்குக் குறைத்து எடுத்துக்கொள்வார். வட்டி என்ற பேச்சே இருக்காது. அந்த விலைக்குறைவுதான் வட்டி என்று ஒருநாள் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். மாரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்த பெண் ஒருத்தி, நான் முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் போய்த் தன் அப்பாவிடமும் சொல்லியிருக்கிறாள்.

அவர் அதை அப்படியே கடையில் போய்க் கேட்டிருக்கிறார், ஆட்கள் நிற்கும்போது. கடைக்காரர் கோபப்படவில்லையாம்.

"கணக்கு நொம்பச் சரிங்க. அப்ப இந்த ஆடிக்கு அரிசிய வாத்தியார் ஊட்டுலயே வாங்கிக்கங்க."

கடையே சிரித்திருக்கிறது. அவள் அப்பா ரோஷக்காரர். வெறும் பையை மடித்துக்கொண்டு நேரே பேங்குக்குப் போனார். பயிர்க்கடன் தரலாம், ஆனால் மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் மேனேஜர். அவருக்குத் தெரிந்த மாதச் சம்பளக்காரன் நான் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பை பேரிக்காயோடு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றார்.

"ஏனுங்க சார், கண்ணு சொன்னபடியே பேங்குக்குப் போய்ட்டனுங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுமாமுங்க. பழம் பறிச்சதும் மொதக் காசு பேங்குக்குத்தானுங்க."

நான் அவளைப் பார்த்தேன்.

"ஜாமீனைப் பத்தி வகுப்புல என்ன சொல்லியிருக்கேன்? அப்பாகிட்ட சொல்லும்மா."

அவள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "யாருக்கும் போடக்கூடாதுங்க சார்" என்றாள்.

"அப்படீங்களா" என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார். "பாடம்னா பாடந்தானுங்களே. வாரனுங்க சார்."

ஏதோ கொள்கையைக் காப்பாற்றியவன்போல உள்ளே வந்து உட்கார்ந்தேன். பேரிக்காயை என் மனைவி அதற்குள் வாங்கி வைத்திருந்தாள். அதையும் நான் திருப்பித் தரவில்லை. உண்மை வேறு. சேலத்தில் வீடு கட்ட நானே கடனுக்கு மனுப் போட்டிருந்தேன். என் பெயரில் வேறு பொறுப்பு எதுவும் இருக்கக்கூடாது என்ற பயம். அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது: மலைக்காரர், கட்டமாட்டார் என்ற எண்ணம். என் பாடத்தை நம்பிக் கடை வாசலில் அவமானப்பட்டவரை நான் ஒரு கையெழுத்து அளவுக்குக்கூட நம்பவில்லை.

ஆடி முடிவதற்குள் அவள் பள்ளிக்கு வருவது நின்றுவிட்டது. விசாரிக்க மாரமங்கலம் போனேன். பக்கத்து எஸ்டேட்டில் களை எடுக்கப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லி அவள் அம்மா எனக்கு உட்காரப் பலகை போட்டார். கொஞ்ச நேரத்தில் களைக்கொத்தோடு வந்தவள், என்னைக் கண்டதும் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் வருத்தம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். இல்லை. நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைபோல இருந்தாள்.

"எஸ்டேட்டுல அட்வான்ஸ் வாங்கிட்டமுங்க சார். கணக்கெழுதற ரைட்டர்கிட்ட மொதல்ல வட்டி எத்தனைன்னு நாந்தானுங்க கேட்டேன். வட்டியே கெடையாதுங்கறாரு! கூலியில புடிச்சுக்குவாங்களாம். காப்பி பறிச்சு முடியற மட்டும் நான் வேலைக்கு வந்தாப் போதுமுங்க. சரியாக் கேட்டனுங்களா சார்?"

அந்த வருஷப் படிப்புதான் அந்தக் கடனுக்கு வட்டி. எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டேன். என் மாதச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. மறுநாள் அந்த எஸ்டேட்டுக்குப் போய் நானே கட்டியிருக்கலாம். கட்டினால் வட்டி எங்கே ஒளிந்திருந்தது என்று அவளுக்கு விளக்க வேண்டும். அதை விளக்கினால் அந்த ஞாயிற்றுக்கிழமையையும் பேச வேண்டும்.

"சரியாத்தான் கேட்டிருக்கே" என்றேன்.

பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தாள். விட்டுப்போன பாடங்களை எப்போது படித்துக்கொள்வது என்று வழியெல்லாம் கேட்டாள். தை மாதம் வா, சொல்லித்தருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

தை வந்தது. அவள் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. என் வீட்டுக் கடன் மட்டும் கைக்கு வந்துவிட்டது. அதற்கு சக வாத்தியார் இருவர் மறுபேச்சில்லாமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டார்கள்.