முகத்தில் வைத்த ஷூ

என் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்னும் பிடிபடவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் செய்த உருவத்தைப் பற்றிப் புத்தகத்தில் போட எழுதித் தரும்படி கிருஷ்ணகிரியில் கண்காட்சி நடத்தியவர்கள் கேட்டார்கள். அங்கே வாயால் சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருளர்கள். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டோரம் எங்கள் ஊர். மூக்கண்டப்பள்ளியில் ஒரு பாயின் பழைய இரும்புக் கடையில் எனக்குத் தரம் பிரிக்கிற வேலை. கம்பெனிகளிலிருந்து வரும் கழிவில் எடைக்கு ஆகாததை பாய் எனக்கே விட்டுவிடுவார். கிழிந்த கையுறை, உடைந்த ஹெல்மெட், தேய்ந்த சேஃப்டி ஷூ. அவற்றைக் கம்பியால் கட்டி ஆட்கள் செய்வேன்.

"எடைக்கு ஆவாததெல்லாம் உன்கிட்ட மனுசனா ஆயிடுதேய்யா. நைட் ஷிப்டுக்கு அனுப்பிரலாமா?" என்று பாய் சிரிப்பார்.

போன வருஷம் செய்தது ஓர் ஒப்பந்தத் தொழிலாளியை. ஆள் உயரம். உடம்பெல்லாம் அறுந்த அடையாள அட்டைக் கயிறுகள், விரல் போன கையுறைகள். மெஷினில் விரல் போனால் வேலையும் போய்விடுகிறது என்று சொல்லத்தான் அப்படிச் செய்தேன். முகத்துக்கு ஒரு ஷூ வைத்தேன். நுனி நெற்றியாக, குதிகால் தாடையாக.

என் அப்பா ஊர்த் தெருவில் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். காலில் போட விடாததைத் தலையில் வைத்தால் அது மரியாதை என்று என் புத்தியில் பட்டது. மற்றவர்களுக்கு அது செருப்பால் அடித்ததற்குச் சமம் என்று தெரியாமல் இல்லை. செய்யும்போது அது நினைப்பில் வரவே இல்லை.

கண்காட்சிக்கு வண்டியில் ஏற்றுவதற்காக உருவத்தைக் கடை வாசலில் நிறுத்தியிருந்தோம். பக்கத்து லைன் வீட்டில் குடியிருந்த ஒரு பெண் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். அவருடைய கணவர் ஒப்பந்த வேலையில் தகடு விழுந்து இறந்தவர். அவர் தங்கள் தொழிலாளியே இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. அந்தப் பெண் உருவத்தின் முன்னால் நின்று, ஷூவின் ஓரத்தை விரலால் தடவினார்.

"இந்தப் பச்ச நூலு தையலு நான் போட்டதுண்ணா."

இறந்தவரின் ஷூ கம்பெனிக் கழிவோடு எங்கள் கடைக்கு வந்திருக்கிறது.

"எங்க ஆளே இல்லன்னு சொன்னாங்க. கேட்டுக் கேட்டு ஓஞ்சிட்டேன். நீயாச்சும் ஆளுன்னு ஒண்ணு செஞ்ச. செஞ்சிட்டு மூஞ்சில செருப்ப வெச்சிட்டியேண்ணா."

"மரியாதைக்குத்தாம்மா வெச்சேன்" என்றேன்.

"மரியாதையா? உங்கப்பன் படத்து மேல இப்டி வெப்பியா?"

பாய் எழுந்து வந்தார். "தெரியாம செஞ்சிட்டான், விடும்மா. நல்ல மனுசன்."

"நல்ல மனுசன்தான் பாய். அதான் வயிறு எரியுது. அத எடுத்துக் குடுக்கச் சொல்லு."

கம்பியை அறுத்து ஷூவை எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்குள் வண்டி வந்துவிட்டது. முகம் இருந்த இடத்தில் வெறும் கம்பிக் கூடு. அப்படியே ஏற்றினோம்.

கிருஷ்ணகிரியில் எல்லோரும் அதன் முன்னால்தான் கூடினார்கள். "ஒப்பந்தத் தொழிலாளிக்கு முகமே கிடையாது. அத இந்தப் பழங்குடிக் கலைஞர் எவ்ளோ ஆழமா சொல்லியிருக்கார் பாருங்க!" என்று ஒருவர் மைக்கில் பேசினார். கை தட்டினார்கள். எனக்குச் சால்வை போட்டு மைக்கை நீட்டினார்கள். இல்லைங்க, முகம் இருந்தது, செத்தவர் பெண்டாட்டி மனசு வெந்து எடுக்கச் சொன்னார் என்று சொல்ல வேண்டும். கூட்டத்தைப் பார்த்ததும் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கும்பிட்டுவிட்டு இறங்கினேன். அடக்கமான மனிதர் என்று அதற்கும் கை தட்டினார்கள். சால்வையை எங்கே மறைப்பது என்று தெரியாமல் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன்.

அந்தப் பெண் இப்போது எங்கள் கடை வழியாக வருவதில்லை. சுற்றிக்கொண்டு போகிறார்.

முகம் இல்லாததை என் யோசனை என்று போடாதீர்கள். அது அவர் கேட்டு எடுத்தது. அப்படிப் போட முடியாதென்றால் உருவத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தை மாதம் நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.