கைநடுக்கமும் ஒரு தஞ்சாவூர் கிருஷ்ணனும்

எங்கள் மயிலாப்பூர் வீட்டுப் பூஜையறையில் இருவர் நின்றால் மூன்றாமவர் வெளியே போய்த்தான் மூச்சுவிட வேண்டும். ட்ரைபாடை விரிக்க வழியில்லை. அதனால்தான் கையில் பிடித்தே எடுக்கும் உயர் துல்லிய முறையை நம்பினேன். கேமரா கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து, கைநடுக்கத்தால் அவற்றுக்குள் ஏற்படும் இம்மி நகர்வை வைத்தே எல்லாவற்றையும் ஒரு பெரிய படமாகக் கோர்த்துவிடும். நடுக்கம் குறையல்ல, மூலப்பொருள். ஓய்வூதியக்காரனுக்கு இதைவிட நல்ல செய்தி வராது.

எடுக்க வேண்டியது என் மாமியார் பூஜித்த, கல் பதித்த தஞ்சாவூர் ஓவியத்துக் கிருஷ்ணனை. அவர் போனபின் எங்கள் சுவரில்தான் இருந்தது. இப்போது மனைவியின் அண்ணா, மூத்தவர் என்ற முறையில், பாலவாக்கத்தில் கட்டிய புது வீட்டுக்கு அதைக் கேட்டுவிட்டார். ஞாயிறு மாலை வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. மனைவி சண்டை போடவில்லை. அதே அளவில், பதித்த கல் ஒவ்வொன்றும் தெரிகிற ஒரு படம் போதும் என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்பவள் இல்லை.

மேல்வீட்டுக்காரர் தன் பெரிய கேமராவை இரவல் தந்தார். அதன் சென்சார் என்னுடையதைப் போல நான்கு மடங்கு. "உங்களோடது கணக்குப் போட்டுப் பெரிசாக்கறது சார். இது பொறந்ததே பெரிசு" என்றார். அசையாத பொருளுக்கு என்னுடையதே போதும் என்று கையேட்டைப் பிரித்துக் காட்டினேன். இந்தக் குடியிருப்பில் கையேடுகளை முழுக்கப் படிப்பவன் நான் ஒருவன்தான்.

கிருஷ்ணன் அசையவில்லை, விளக்கு அசைந்தது. சுடர் ஆட ஆட, ஓவியத்தின் கண்ணாடியில் விழுந்த அதன் ஒளி, கோர்த்த படத்தில் கிருஷ்ணனின் கன்னத்தில் மஞ்சள் புழுவாக நெளிந்தது. பெரிய கேமராவில் புழு இல்லை, அதே கன்னத்தில் கச்சிதமான ஒரு பொட்டு. மனைவியிடம் விளக்கை மலையேற்றச் சொன்னேன். கிருஷ்ணன் சுவரில் இருக்கும்வரை எரிய வேண்டும் என்பது அவள் அம்மா வைத்த ஒழுங்கு, முடியாது என்றுவிட்டாள்.

அண்ணா நாலு மணிக்கே வந்துவிட்டார். கையில் போர்வை. அவரைக் கண்டதும் மனைவி ஒரு பூவை எடுத்து, தானே விளக்கை மலையேற்றினாள். "இப்ப எடுங்கோ."

என் கேமராவைத் தூக்கினேன். "ராகுகாலம் வந்துடும் மாப்ளே" என்றார் பின்னாலிருந்து. படங்களைச் சேர்க்க முடியவில்லை என்றது திரை. மறுபடி எடுத்தேன், அதையே சொன்னது. மூலப்பொருள் மிகுந்துவிட்டது போலும். அதற்குமேல் அவர் காத்திருக்கவில்லை. கிருஷ்ணனைக் கழற்றி மார்போடு அணைத்துக் கூடத்துக்கு வந்துவிட்டார்.

ஜன்னல் வெளிச்சத்தில் அவரை ஒரு நொடி நிற்கச் சொல்லி, இரவல் கேமராவை எடுத்தேன். பெரிய சென்சாரில் ஷட்டரை வேகமாக வைத்தாலும் படம் கெடாது என்ற ஒரே தைரியத்தில் ஒரு சொடுக்கு. அவ்வளவுதான், போர்வை மூடிவிட்டது.

கார் போனபிறகு கம்ப்யூட்டரில் பெரிதாக்கினோம். ஒரு கல் பாக்கியில்லாமல் எல்லாம் இருந்தது. சட்டத்தின் இரு பக்கமும் அண்ணாவின் விரல்களும் இருந்தன. அவற்றைச் சுத்தமாக அழித்துவிட முறை உண்டு, ஐந்து நிமிட வேலை என்றேன்.

அவள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து திரையருகே குனிந்தாள்.

"வேண்டாம். நகமெல்லாம் வெளுத்திருக்கு பாருங்கோ. எங்க கீழ போட்டுடுவோமோன்னு பயந்துண்டே பிடிச்சிண்டிருக்கான்."