மணக்கக் கூடாத பூ

கிண்ணியாப் பாலத்தடியில் பூ விற்ற பெண் இன்று, "மணந்து பாருங்கோ அண்ணை, இப்பப் பறிச்ச மல்லிகை" என்று நீட்டியதும் என் கன்னம் தானாகவே விலகியது.

பாலம் வருமுன் இங்கே ஓடியது 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவை. டீசல் புகையும் மீன்பெட்டி நாற்றமும் நனைந்த கயிற்றின் வாடையுமாகக் கிடந்த அதில், முஸ்லிம் வீட்டு மணப்பெண்ணின் தலைக்கும் சிங்களவரின் விகாரைக்கும் எங்கள் அம்மனுக்கும் ஒரே மல்லிகைதான் பக்கத்துப் பக்கத்துக் கூடைகளில் கடந்துபோகும். சாமிப் பூவுக்குக் கிட்ட என் மூக்குப் போனால் போதும், அம்மாவின் கை கன்னத்தில் இறங்கும். மணந்த பூ அவளுக்கு எச்சில் பூ.

சண்டைக் காலத்தில் ஒருநாள், துறையடியில் காவல் நின்ற இளம் சிப்பாய், அம்மாவின் சாமிப் பூக்கூடைக்குள் அடிவரை கையை விட்டுக் குண்டு தேடினான். குண்டு இல்லை. ஒரு பிடி மல்லிகையை அள்ளி மூக்கில் வைத்தான். எனக்கு விழுகிற அதே அடி, அதே சத்தத்தோடு அவன் கன்னத்தில் விழுந்தது.

பக்கத்தில் நின்ற மற்றச் சிப்பாய் துவக்குப் பிடியால் அம்மாவின் தோளில் இடித்தான். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. விழுந்தவளை அவன் உதைக்க உதைக்க, பூக்கள் சப்பாத்தின் கீழ் இரத்தத்தோடு நசிந்தன. அடி வாங்கிய சிப்பாய்தான் குறுக்கே பாய்ந்து அவனைத் தள்ளினான். சிங்களத்தில் ஏதோ கத்திவிட்டு, என்னைப் பார்த்துக் கொச்சைத் தமிழில், "எங்கட அம்மாவும் இதுக்கு அடிக்கிறதுதான்" என்றான்.

அந்தத் தோள் கோணலாகவே பொருந்தியது. பிறகு எத்தனையோ தடவை அம்மாவின் முன்னால் நின்று, வேண்டுமென்றே சாமிப் பூவை மணந்து பார்த்தேன். அந்தக் கை உயரவேயில்லை.