பித்தளைபோல் மின்னிய தகடு

எழுபதுகளின் தொடக்கத்தில் திருகோணமலையில் வயரிங் வேலை செய்தவர்களுக்குச் சாமான் தேடுவதே பாதி வேலை. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. வெள்ளைக்காரரின் கடற்படைக் கட்டடங்களிலிருந்து கழற்றி ஏலத்தில் வந்த பழைய சுவிட்சுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புது வீடுகளுக்குப் பூட்டியிருக்கிறேன்.

அரசாங்கம் மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் நிலைமை தலைகீழானது. துறைமுகத்துக்குப் போகும் வீதியில் மின்சாமான் கடை வைத்திருந்த குறிஞ்சாக்கேணிக்காரர் ஒருவர் கொழும்புக்குப் போய், வெளிநாட்டுச் சாமானைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார். அண்ணன் முறையில் நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். வெள்ளை வெளேரென்ற பிளக் பொயின்ட்டுகள். விலையோ பழைய இங்கிலாந்துச் சாமானில் பாதிகூட இல்லை. அதுவரை குப்பி விளக்கோடு இருந்தவர்களும் வயரிங் கேட்டு வந்தார்கள். எனக்கு வேலை குவிந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் நானா சைக்கிளில் என் வீட்டு வாசலுக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு பிளக் பொயின்ட்டை எடுத்து நீட்டினார். ஒரு பக்கம் பழுப்பேறி உருகியிருந்தது.

“எங்கட குசினியில பூட்டினது தம்பி. தண்ணி சுடவைக்கக் கேத்தல் குத்திற இடம்.”

கழற்றிப் பார்த்தோம். உள்ளே பித்தளைபோல் மின்னவேண்டிய தகடு துருப்பிடித்திருந்தது. பித்தளை துருப்பிடிக்காது. இது மேலே பூச்சுப் பூசிய இரும்பு. உப்புக்காற்று பூச்சைத் தின்றதும் தகட்டின் பிடி தளர்ந்து சூடேறியிருக்கிறது.

“இதை எங்கெங்க பூட்டினீங்க?” என்று கேட்டார் நானா.

“டவுனில கொஞ்ச வீடு. புல்மோட்டையில ஒரு வீடு.”

“எல்லாத்தையும் கழட்டுவம். மாத்திறதுக்குக் கடையில மிஞ்சின இங்கிலாந்துச் சாமான் நான் தாறன்.”

“ஆரும் ஒண்டும் சொல்லயில்லையே நானா.”

“நெருப்பு சொல்லிப்போட்டா தம்பி வரும்?”

டவுன் வீடுகளை அந்த வாரமே முடித்தோம். புல்மோட்டைக்கு நான் தனியே போய் வருகிறேன் என்றேன். “வித்தது நான்” என்று சொல்லிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு கூடவே வந்தார். ஒரேயொரு வீட்டுக்காகப் பஸ்ஸில் குலுங்கி, இடையில் ஆற்றைப் படகில் கடந்து போய்ச் சேர்ந்தோம்.

கனிய மணல் தொழிற்சாலையில் வேலை செய்பவரின் வீடு அது. அவர் வேலைக்குப் போயிருந்தார். மனைவி கதவை மறித்து நின்றாள்.

“நல்லாத்தானே வேலை செய்யுது. என்னத்துக்குக் கழட்டுறீங்க?”

நானா படியேறவில்லை. முற்றத்தில் நின்றபடியே சொன்னார்: “மகள், நான் வித்த சாமான் பிழை. மாத்தித் தந்திட்டுப் போறன். காசு வேணாம்.”

தன் சாமான் பிழை என்று ஒரு வியாபாரி தானாக வந்து சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவளும் கேட்டிருக்கமாட்டாள். விலகி வழிவிட்டாள்.

மெயினை நிறுத்திவிட்டுக் கழற்றினேன். பின்னாலிருந்த பலகை கருகத் தொடங்கியிருந்தது. பக்கத்திலேயே சேலை ஏணை தொங்க, அதில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. அவள் பலகையைப் பார்த்தாள். ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நாங்கள் புறப்படும்போது, தேத்தண்ணி குடிக்காமல் போக ஏலாது என்று அடம்பிடித்தாள்.

அடுத்த முறை கொழும்புக்கு நானும் கூடப் போனேன். உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று நானாவின் கையில் இருந்தது. முதலில் தனக்கு விற்ற மொத்த வியாபாரியிடம் போனார். பழைய சாமானைத் திருப்பி எடுக்க அவர் மறுத்துவிட்டார். நானா சண்டை பிடிக்கவில்லை. கடை கடையாக ஏறி, பிளக் பொயின்ட்டுகளைத் திறக்கச் சொல்லித் தகட்டில் காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டினால் நன்றி சொல்லி இறங்கிவிடுவார்.

“வாங்க வந்தீங்களா, சோதிக்க வந்தீங்களா?” என்று ஒருவர் சத்தம் போட்டார்.

“ரெண்டுக்கும்தான்” என்றார் நானா, சிரித்துக்கொண்டே.

பின்னேரம் ஒரு சந்துக்கடையில் காந்தம் ஒட்டாத தகடு கிடைத்தது. அதுவும் வெளிநாட்டுச் சாமான்தான். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

“இதுவும் மலிவுதானே தம்பி! நாங்க தேடாம இருந்திட்டம்” என்றார். சின்னப் பிள்ளையைப்போல முகம் மலர்ந்திருந்தது. அந்தச் சாமானைப் பிறகு பல வருடம் பூட்டினேன். ஒன்றையும் கழற்ற நேரவில்லை.

ஊர் திரும்பியதும், மிஞ்சிய பழைய பெட்டிகளைப் பாதி விலைக்குக் கேட்டு அயல் கடைக்காரர் வந்தார். நானா மறுத்துவிட்டார். கடைக்குப் பின்னால் சாக்கை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சுத்தியலால் உடைத்தார். நானும் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.