குரலுக்கு நடுவே ஒரு டக்

அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. பார்வையற்றோர் நூலகத்தில் பாடப்புத்தகங்களை வாய்விட்டு வாசித்துப் பதிவு செய்வது அவள் வேலை. கேட்கிற மாணவர்களுக்கெல்லாம் அவள் குரலக்கா.

பதிவறை என்பது மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்த ஒரு பெட்டி. ஜன்னல் கிடையாது. சுவரெங்கும் பஞ்சு வைத்து அடித்திருக்கும். கதவைச் சாத்தினால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. பதிவு ஓடும்போது மின்விசிறி போடக் கூடாது. ஒரு மேசை, ஒரு மைக், மேசைக்கடியில் அரதப் பழசான ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் உட்கார்ந்து சட்டம், வரலாறு, புவியியல் என்று வருடக்கணக்கில் வாசித்துத் தள்ளியதில் தொண்டை புண்ணாகிவிட்டது. பேச்சைக் குறைக்கச் சொன்னார் டாக்டர்.

"இந்த டாக்டர் எனக்கு முன்னாடியே கிடைக்காம போயிட்டாரே" என்றார் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவர். கிண்டல்தான். ஆனால் வேலையை விட்டுவிடு என்று முதலில் சொன்னவரும் அவர்தான். இந்தப் பரீட்சை முடிந்ததும் நின்றுவிடுவதாக அவள் மேலாளரிடம் சொல்லியும் ஆகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அந்தச் சத்தம் வந்தது.

"பதிவுல நடுநடுவே டக், டக்னு கேக்குதாம். பசங்க சொல்றாங்க" என்றார் மேலாளர். "நாக்கைக் கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா."

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வளையலைக் கழற்றி வைத்தாள். நாற்காலியை மாற்றினாள். வெந்நீரைக் குடித்துக் குடித்து அதே அத்தியாயத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். போட்டுக் கேட்டால் அதே டக். கடைசியில் வீம்புக்காக மைக்கைத் திறந்து வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். ஹெட்போனில் அவள் இதயம் அடிப்பது போலக் கொஞ்ச நேரம் ஏதோ கேட்டது. அப்புறம், டக். டக். டக். மேசைக்கடியிலிருந்து.

குனிந்து கம்ப்யூட்டரில் காதை வைத்தாள். உள்ளே யாரோ சின்னச் சுத்தியலால் ஆணியைத் தட்டிப் பார்ப்பது போல இருந்தது. அதுவரை தனித்தனியாகத் தெரிந்ததெல்லாம் அப்போது ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வந்து நின்றது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் டீ குடித்துவிட்டு வந்த பிறகும் அது விழிக்காமல் கிடந்தது. பதிவைச் சேமிக்கும்போது திரை அப்படியே உறைந்து போனது. வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பாடம் திறக்க மறுத்தது. அதைத் தன் கைத்தவறு என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்!

ரிப்பேர்காரருக்குப் போன் போட்டாள். போனைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் பிடித்துச் சத்தத்தைக் கேட்க வைத்தாள்.

"ஹார்ட் டிஸ்க் போகப் போகுதும்மா" என்றார் அவர் உடனே. "மொதல்ல புதுசா எதையும் பதிவு பண்ணாதீங்க. ஸ்கேன் பண்றேன், சரி பண்றேன்னு எதையும் ஓட்டாதீங்க. வேற இடத்துல காப்பி இருக்கா?"

"இல்லியே."

"ஒண்ணு கூடவா?" என்றார் அவர்.

காப்பி இல்லாததற்குக் காரணம் இருந்தது. பதிவுகள் அந்தக் கட்டடத்தைத் தாண்டக் கூடாது என்று பதிப்பகங்களோடு ஒப்பந்தம். பக்கத்துக் கூடத்தில் மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன்களுக்கெல்லாம் இந்த ஒரே கம்ப்யூட்டரிலிருந்துதான் ஒலி போயிற்று. இன்னொரு டிஸ்க் வேண்டும் என்று அவள் கேட்டது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

"இப்பவே நிறுத்திட்டு, தகவல் மீட்கிற பெரிய இடத்துக்கு அனுப்பறதுதான் நல்லது" என்றார் ரிப்பேர்காரர். "ஆனா வர நாளாகும். நிறுத்தினா மறுபடி கிளம்புமான்னும் சத்தியமா சொல்ல முடியாது. ரொம்ப அவசரமானது இருந்தா, அதை மட்டும் மொதல்ல எடுத்துக்கோங்க. சத்தம் மாறினா உடனே நிறுத்திடுங்க."

சட்ட மாணவர்களுக்கு அடுத்த வாரம் பரீட்சை. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

மேலாளரிடம் ஓடினாள். "வெளி டிஸ்க் மாட்டக் கூடாதேம்மா. இயக்குநர் வரட்டும்" என்றார் அவர். பிறகு, "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாப்போமா?" என்று பதிவறைப் பக்கம் எழுந்தே வந்துவிட்டார்.

அவள் அவருக்கு முன்னால் போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "சார், கையை வைக்காதீங்க. ஆஃப் ஆச்சுன்னா அவ்வளவுதான்."

மனிதர் வெலவெலத்துப்போனார். நேரே வீட்டுக்குப் போய், மகள் கல்யாணப் படங்கள் வைத்திருந்த டிஸ்க்கைக் காலி செய்து எடுத்துக்கொண்டு வந்தார். "என் தலையில விடியட்டும். ஆரம்பிங்க."

சட்டப் புத்தகங்களை முதலில் ஏற்றினாள். திரையில் பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது, நின்றது, டக் டக் என்று கேட்டது, மறுபடி நகர்ந்தது. கூடத்துக்கு ஒலி போகாமல் நிறுத்தியிருந்ததால் மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள்.

"அக்கா, குற்றவியல் வந்துடுச்சா?"

"வந்துகிட்டிருக்குப்பா."

அந்த அறையை விட்டு அவளால் எழுந்திருக்க முடியவில்லை. துப்புரவு செய்ய வருகிற அம்மா வழக்கம்போல ஸ்விட்சை அணைத்துவிட்டால்? யாராவது ஒயரில் கால் தடுக்கினால்? மின்விசிறி போட்டால் சத்தம் மாறுவது காதில் விழாது. வியர்வை முதுகில் வழிய, மேசைக்கடியில் காதை வைத்துக்கொண்டே குந்தியிருந்தாள். செத்துக்கொண்டிருக்கிற ஒன்றைத் தூக்கவும் முடியாமல் விடவும் முடியாமல், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சுவது போல இருந்தது. சாப்பாட்டுப் பை பிரிக்காமலே கிடந்தது.

சட்டம் முழுதும் வந்துவிட்டது. கல்வியியலும் வந்தது. வரலாறு ஓடும்போது டக் நின்று, தகரத்தைச் சுரண்டுவது போல ஒரு சத்தம் எழுந்தது. அவள் சட்டென்று மின்சாரத்தைத் துண்டித்தாள். அறை அப்படியே அமுங்கிப்போயிற்று. கதவைத் திறந்தபோது வெளியே நின்றிருந்த பையன்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் மூச்சு விட்ட விதத்திலேயே அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

பெரிய இடத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உள்ளே தட்டெல்லாம் கீறிப்போயிருக்கிறது, ஒன்றும் மிஞ்சாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புவியியல், வரலாறு, உளவியல், எல்லாம் போனது போனதுதான்.

இயக்குநர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். புதுக் கம்ப்யூட்டர் வரும், கூடவே தினமும் தானாகப் பிரதி எடுக்க இன்னொரு டிஸ்க்கும் வரும் என்றார். "நீங்க நிக்கறதா சொன்னீங்க. எனக்கு நினைவிருக்கு. ஆனா அடுத்த பரீட்சைக்குள்ள இதையெல்லாம் திரும்ப வாசிக்க வேற யாரு இருக்கா, சொல்லுங்க?"

அவளால் சரி என்றுதான் சொல்ல முடிந்தது. கட்டாயப்படுத்தியிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பாள். அவர் கேட்டது அப்படியும் இல்லை.

வீட்டில் கணவர் இந்தமுறை கிண்டல் செய்யவில்லை. "தொண்டை போயிட்டா அதுக்கு எங்கடி காப்பி எடுக்கறது?" என்றார். அவள் மிளகுப்பாலைக் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

புதுக் கம்ப்யூட்டர் வந்த மறுநாள் பதிவறைக்குப் போகும் வழியில் புவியியல் படிக்கிற பெண் அவள் காலடிச் சத்தத்தைக் கண்டுகொண்டு கூப்பிட்டாள். "அக்கா, பழைய வாசிப்புல ஆறுகள் பாடத்துல ஒரு இடத்துல வாய் குழறி நீங்களே சிரிச்சுடுவீங்களே. அது இதுலயும் வருமா?"

"அப்படியா சிரிச்சேன்?"

"ஆமாக்கா. நாங்க அந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்பப் போடுவோம்."

பதிவறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மின்விசிறியை நிறுத்தினாள். ஆறுகள் பாடத்துக்கு வந்தபோது எந்தச் சொல்லில் வாய் குழறியிருக்கும் என்று தேடிக்கொண்டே வாசித்தாள். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. பாடம் முடிந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு, மலைகளைத் திறந்தாள்.