மூன்று செபத்துக்கு ஒரு மூச்சு

கொரோனா வந்த வருஷம் வெளிநாட்டுக்குப் படிக்கப் புறப்பட்டவளை ஊர் எப்படிப் பார்க்கும்? கிறுக்கி என்று பார்க்கும். தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி, நான் சாமான் வாங்கப் போகும்போதெல்லாம், "லோகமே கதவ அடைச்சுட்டு உள்ள கெடக்கு, நீ மட்டும் எங்களா போவப் போற?" என்று கேட்பார். முகக்கவசத்தில் ஒரு வசதி உண்டு. உள்ளே பல்லைக் கடித்தாலும் வெளியே தெரியாது.

எனக்கு ஸ்காட்லாந்தில் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிய மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஊரடங்குக்கு முன்னாலேயே கிடைத்த இடம். பிறகு விசா அலுவலகத்தை மூடினார்கள், திறந்தார்கள், விமானங்களை நிறுத்தினார்கள், கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். வகுப்புகள் மடிக்கணினியில் தொடங்கிவிட்டன. ஆனால் குறித்த தேதிக்குள் நேரில் வந்து சேராவிட்டால் இந்த வருஷத்து இடம் கிடையாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து எழுதிவிட்டார்கள். அந்தத் தேதிக்குள் போய்ச் சேருகிற மாதிரி சென்னையிலிருந்து ஒரே ஒரு விமானத்தில்தான் டிக்கெட் கிடைத்தது. அதில் ஏற வேண்டுமானால் டெஸ்டில் நெகட்டிவ் வர வேண்டும். தூத்துக்குடியை விட்டுச் சென்னைக்குப் போகவே இ-பாஸ் வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய பயம் தகரம். தெருவில் ஒரு வீட்டில் பாசிட்டிவ் என்றால் மாநகராட்சி ஆட்கள் வந்து வாசலை மறித்துத் தகரம் அடித்துவிடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் உள்ளேயேதான். எங்களுக்கு மூன்று வீடு தள்ளி அப்படி அடித்தார்கள். ஆணி இறங்குகிற சத்தம் முடிகிறவரை அப்பா சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மாலையே என்னை மாடி அறைக்கு ஏற்றிவிட்டார்.

"ஏளா, பிளேன் ஏறுத வரைக்கும் நீ கீழ இறங்கப்பிடாது. சோறு படியில வந்துரும். எவனாவது தும்முனது ஒம்மேல ஒட்டிச்சுன்னா இத்தன வருஷம் படிச்சதும் வீணாப் போயிரும்."

அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். வள்ளத்தில் போய், கடலுக்குள் முங்கி, மணலில் பாதி புதைந்து கிடக்கிற சங்கைப் பொறுக்கி எடுத்து வருகிற வேலை. காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறவர்கள் உண்டு. அப்பாவுக்கு அது ஆகாது. குழாயில் வருவது காற்றா டீசல் நாற்றமா என்பார். முகத்துக்குக் கண்ணாடி, காலுக்குத் துடுப்பு, நெஞ்சில் பிடித்த மூச்சு, அவ்வளவுதான் அவருடைய சாமான்கள். "எம்மவ சங்கு எப்படி வளருதுன்னு படிக்கச் சீமைக்குப் போறா" என்று கடற்கரை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். "நீ இங்கன முங்கி எடுக்கத, அவ அங்கன போயி என்னத்தப் படிக்கப் போறா?" என்று கேட்ட ஒருவனோடு அப்பா ஒரு மாதம் பேசவில்லை.

அவர்கள் வள்ளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நாளின் முதல் முங்கலுக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து தம் கட்டுவார்கள். வள்ளத்தைப் பார்த்துக்கொள்கிறவர் மாதாவுக்குச் சொல்லுகிற மங்கள வார்த்தை செபத்தை மூன்று தரம் சொல்லுவார். மூன்றாவது ஆமென் வரைக்கும் மூச்சை விடாதவன் தண்ணீரில் இறங்கலாம். முன்னாலேயே வாயைத் திறந்துவிட்டவன் அன்றைக்கு வள்ளத்திலேயே இருக்க வேண்டும். அவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, சளி பிடித்ததா, இரவு குடித்தானா என்றெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். செபம் சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.

மாடி அறையில் என் குடித்தனம் ஆரம்பித்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அடியில் நான், நடுவில் வாய் திறந்து கிடந்த பெட்டி. அம்மா சோற்றுத் தட்டோடு பொட்டலங்களையும் படியில் வைத்துவிட்டுப் போவாள். மக்ரூன் ஒரு டப்பா, மாசிக்கருவாட்டுப் பொடி ஒரு டப்பா, தைத்த முகக்கவசம் ஒரு கட்டு. "இம்புட்டையும் தூக்கிட்டுப் போனா பெட்டிய எடை போடுறவன் என்னையத்தான் எறக்கி விடுவான்" என்று நான் மேலேயிருந்து கத்துவேன். "அந்தக் குளிருல போயி ரொட்டியத் தின்னுட்டுக் கெடப்பியோ?" என்று அவள் கீழேயிருந்து கத்துவாள். வீட்டில் கேட்ட கடைசி சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

கச்சான் காற்று தணிந்திருந்த ஒரு நாள் கடலுக்குப் போன அப்பா, நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தார். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மறுநாள் இருமல் மாடிக்குக் கேட்டது. கபசுரக் குடிநீர் கொதிக்கிற கசப்பு வாடையும் ஜன்னல் வழியாக வந்தது. நான் படியின் உச்சியில் நின்று, "அப்பா, டெஸ்ட் எடுங்க" என்றேன்.

"எடுத்தா தகரத்தக் கொண்டு வருவான். பொறவு நீ எப்படிப் போவ?"

"ஒங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"எனக்கு என்னளா? இங்கன பாரு."

பின்வாசலில் துணி துவைக்கிற கல் ஒன்று கிடந்தது. அதில் போய் உட்கார்ந்தார். அம்மாவைக் கூப்பிட்டார். அவள் சுவரோரம் தள்ளி நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மங்கள வார்த்தை சொன்னாள். மூன்றாவது ஆமென் வந்த பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். என்னை அண்ணாந்து பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார்.

அந்தச் சமயத்தில் போன் போனாக ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துப் பாருங்கள், இருமல் வராவிட்டால் நுரையீரலில் கொரோனா இல்லை என்று. மற்ற ஊர்க்காரர்கள் ஒரு தரம் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருப்பார்கள். மூச்சை வைத்தே பிழைக்கிற தெருவுக்கு அது வந்தால் என்ன ஆகும்? வேதவாக்காகிவிட்டது. எங்கள் தெருவில் எத்தனை ஆண்கள் காய்ச்சலோடு வாசலில் உட்கார்ந்து தம் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். நானும் நம்பினேன். நெஞ்சில் நோய் இருக்கிற ஆளால் இப்படி உட்கார முடியாது என்றுதானே யாருக்கும் தோன்றும்?

காலையும் மாலையும் இது நடந்தது. துவைக்கிற கல், மூன்று செபம், கட்டைவிரல். காய்ச்சல் விட்டும் வந்தும் கொண்டிருந்தது. நான் பெட்டியை அடுக்கினேன், கலைத்தேன், திரும்ப அடுக்கினேன். அந்த வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி மட்டும் ஏறியிருந்தது, சனம் இல்லை. மாதாவுக்கே அந்தக் கதி என்றால் என் விமானத்தை யார் காப்பாற்றுவது என்று எரிச்சலாக இருக்கும்.

நான் டெஸ்டுக்குக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலை. வழக்கம்போல கீழே அம்மா செபத்தை ஆரம்பித்தாள். எங்கள் வீடுகளில் பிறந்தவர்களுக்கு யாராவது செபம் சொன்னால் வாய் தானாக அசையும். நானும் முணுமுணுத்துக்கொண்டே துணி மடித்தேன். இரண்டாவது செபத்தின் பாதியில் இருந்தேன். கீழே அம்மா மூன்றாவது ஆமென் சொல்லிவிட்டாள்.

கையில் இருந்த ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். அப்பா கட்டைவிரலைக் காட்டிக்கொண்டிருந்தார். உதடு நாவல்பழம் தின்றவர் மாதிரி கறுத்திருந்தது. அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சேசுவே!" என்று கத்தினது நான்தான். படியில் இறங்கினேன்.

"மேல போளா!" என்று அப்பா கை நீட்டித் தடுத்தார். "இன்னும் ஒரு படி எறங்குன, நான் செத்துட்டேன்னு நெனச்சுக்க!"

நான் எல்லாப் படியும் இறங்கினேன். அம்மாவிடம் போய், "இன்னொரு தரம் சொல்லும்மா. கோயில்ல சொல்லுத மாரி, நிதானமா" என்றேன். அவள் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாக நிதானமாகச் சொன்னாள். முதல் செபம் முடியவில்லை, அப்பாவின் வாய் திறந்துகொண்டது. தரையைப் பார்த்துக்கொண்டு இருமினார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் வேணும்னு செய்யலளா. அவுக மொகத்தப் பாத்தா வாய் தானா ஓடுது. விட்டுருவாகளோ, விட்டுருவாகளோன்னு பயந்து ஓடுது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் மூச்சு எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு அவள் செபமும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மூன்று செபம் மட்டும் மூன்று செபமாகவே இருந்தது.

நான் நூற்றெட்டுக்கு போன் செய்தேன். அப்பா போனைப் பிடுங்கப் பார்த்தார். "நாலு நாளு பொறு. நீ ஏறிரு. பொறவு நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன். நாலு நாளு இருக்க மாட்டனா நான்?" என்று கெஞ்சினார். அதட்டியே பழகின மனுஷன் கெஞ்சுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. "என்னைய அங்கன அனுப்பிட்டு இங்கன சாவப் போறீங்களோ? அப்படி ஒரு படிப்பு எனக்கு என்ன மயிருக்கு?" என்றேன். அப்பாவிடம் அந்த வார்த்தையை அதற்கு முன் நான் சொன்னதில்லை.

வண்டி வந்தது. வெள்ளை உடுப்பு போட்ட இரண்டு பேர் படுக்கையை இறக்கப் போனார்கள். அப்பா அவர்களைத் தள்ளிவிட்டு, தானே நடந்து போய் ஏறினார். தெரு முழுக்க ஜன்னலில் நின்றது.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அவர் விரலில் ஆக்சிஜன் அளக்கிற கருவியை மாட்டினார். எண்ணைப் பார்த்தார். வேறு விரலில் மாட்டினார். அப்புறம் வேறு கருவியைக் கொண்டு வந்து மாட்டினார். "இந்த அளவுல இருக்கவங்களுக்குப் பேச்சே வராது. இவரு எங்கிட்ட டீ கேக்குதாரு" என்றார். டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தண்ணிக்குள்ள பழகின உடம்பு. மூச்சு முட்டுறதே அவருக்கு உறைக்கல. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா தூக்கத்துலயே போயிருப்பார்." அப்பா கட்டிலில் ஆக்சிஜன் முகமூடிக்கு அடியிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை எங்கள் வாசலில் தகரம் அடித்தார்கள். மூன்றாம் நாள் எடுத்த டெஸ்டில் அம்மாவுக்கும் எனக்கும் பாசிட்டிவ். எனக்குச் சுவை போய்விட்டது. பெட்டியில் இருந்த மக்ரூனைப் பிரித்துத் தின்றோம், எனக்கு மண்ணைத் தின்பது போல இருந்தது. விமானம் புறப்பட்ட நாளில் நான் காய்ச்சலில் கிடந்தேன். எழுந்து உட்கார்ந்து அழக்கூடத் தெம்பில்லை. இடத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்கிறோம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து எழுதினார்கள். நல்லவர்கள்தான்.

அப்பா வீட்டுக்கு வந்தார். ஆனால் நெஞ்சு பழைய நெஞ்சாக வரவில்லை. நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டது என்றார்கள். தெருமுனைக் கடைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். கடலுக்கு இனி இல்லை. அடுத்த வருஷம் வந்தபோது வீட்டில் உலை வைக்க என் சம்பளம்தான் இருந்தது. துறைமுகச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் சேர்ந்துவிட்டேன். ஸ்காட்லாந்துக்கு, வர இயலவில்லை என்று எழுதிப் போட்டேன். நாள் முழுக்கக் கண்டெய்னர்களின் எண்களை டைப் அடிக்கிறேன். அவை போகிற ஊர்களின் பெயர்களையும் நான்தான் அடிக்கிறேன்.

பெத்த அப்பனைக் காப்பாற்றின பிள்ளை என்று தெரு என்னைக் கொண்டாடியது. அப்பா மட்டும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "அவகிட்ட கேளு", "அவளுக்குச் சோத்தப் போடு" என்று எல்லாமே அம்மா வழியாகத்தான். அவர் பழையபடி என்னைப் பார்த்து ஒரு 'ஏளா' போட்டால் போதும் என்று இருந்தது. அதுவும் இல்லை. எத்தனை நாள்தான் பொறுப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கு வெடித்துவிட்டது.

"நான் என்ன குத்தம் செஞ்சேன்? டாக்டர் சொன்னது ஒங்களுக்கும் கேட்டுச்சுல்லா? நான் எறங்கி வரலன்னா ரெண்டு நாளுல செத்திருப்பீங்க. ஒங்களுக்கு அது தெரியவுமில்ல, புரியவுமில்ல."

அப்பா மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். மூச்சு வாங்கிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"தெரியும்ளா" என்றார்.

"என்ன தெரியும்?"

"எம் மூச்சு எனக்குத் தெரியாதா? மொத ரெண்டு நாளு தெரியல. பொறவு தெரிஞ்சிச்சு. நீ பிளேன் ஏறுத வரைக்கும் தாங்குனா போதும்னு இருந்தேன். நீ போயிருப்பல்லா? இப்பப் பாரு. நீயும் இங்கன கெடக்க. நானும் கெடக்கேன்."

குழம்புச் சட்டியை எடுக்க எழுந்த அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். அவளுக்கும் இது அன்றைக்குத்தான் தெரியும். அப்பா மீதிச் சோற்றை மெல்ல மெல்லத் தின்று முடித்தார்.